விமானத்தில் ஏற்றக் கூடாத பொருட்கள்

நான் முதன்முதலில் பார்த்த விமானப் பணிப்பெண்ணின் உதடு அவள் வாயில் இல்லை. சற்றுத் தள்ளிக் கன்னத்தில் இருந்தது.

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பார்கள். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் போன தாள்களைக் கட்டுக் கட்டாக வாசலில் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் அட்டை. கணக்குக்குப் புலி, அறிவியலுக்கு ரோஜாப்பூ, ஏழாம் வகுப்பில் என் புவியியல் புத்தகத்துக்கு அவள். நீலச் சேலை, கூப்பிய கை, தோளுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு விமானம். சிவப்பு மை மட்டும் நகர்ந்துவிட்டதால் அவள் சிரிப்பு முகத்தை விட்டு ஒரு நெல்மணி அளவு வலது பக்கம் போயிருந்தது. அதை நான் பிழையாக நினைக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு காற்றில் கொஞ்சம் நகரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருடம் நதிகளையும் மலைகளையும் படித்த நேரத்தைவிட அட்டையைப் பார்த்த நேரம்தான் அதிகம். மதிப்பெண்ணும் அதற்கேற்ப வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாட்டில் திடீரென்று எல்லாரும் பறக்கப் போவதாகச் செய்தி பரவியது. புதுப்புது விமானக் கம்பெனிகள், பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரங்கள், இளம்பெண்கள் தேவை. எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை பொட்டலமாகத்தான் வரும். ஆகாயம் எங்களிடம் எண்ணெய்க் கறையோடும் காராச்சேவு வாசனையோடும் வந்து சேர்ந்தது.

நான் விருதுநகரில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். வகுப்புத் தோழி ஒருத்தி, மல்லி மொத்த வியாபாரியின் மகள், மதுரையில் விமானப் பணிப்பெண் பயிற்சி நிலையம் ஒன்றில் சனி ஞாயிறு வகுப்புக்குச் சேர்ந்திருந்தாள். மூன்றே வாரத்தில் அவளுக்குச் சலித்துவிட்டது.

"எச்சித் தட்டு எடுக்கிறதுக்கு எம்புட்டு இங்கிலீசுங்கிற! நீயே வச்சுக்க" என்று நாற்பது பக்கக் கையேட்டையும், குதிகால் உயர்ந்த கறுப்புச் செருப்பு ஒரு ஜோடியையும் என் மடியில் போட்டாள். வசதியுள்ளவர்கள் வேண்டாமென்று தள்ளும் கனவுகள் எங்களுக்கு அளவு சரியாகவே இருக்கும். செருப்பு அரை அங்குலம் பெரிது. பஞ்சு வைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். எந்த ஷெட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், கதவுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே நடப்பது அவர் வேலை. காலையில் கேட்டில் நின்று வருகிறவர்களிடம் கொண்டை ஊசி, ஊக்கு, இரும்பு வளையல், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைப்பார். நைலான் சேலை கட்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா அதே ஆலையில் பேக்கிங் பிரிவில். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்குப் பிறகு அம்மா பருத்தியைத் தவிர எதையும் உடுத்தி நான் பார்த்ததில்லை.

"ஏரோப்பிளேன்ல என்ன வேலை?" என்று அப்பா கேட்டார்.

"பயணிகளைப் பாத்துக்கிறதுப்பா."

"அவுகளுக்கு என்ன, சின்னப் பிள்ளையளா?"

"பெல்ட்டு மாட்டச் சொல்லணும். பைய மேல ஏத்தி வைக்கணும். காப்பி குடுக்கணும். ஆபத்துன்னா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நாம கடைசியா வரணும்."

"காப்பிய எடுத்துட்டா ஃபோர்மேன் வேலதான்" என்றார் அப்பா.

சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். பாதிதான். ஆலை முதலாளி ஏற்கெனவே ஒரு நாற்காலியைக் காட்டி வைத்திருந்தார். வடக்கேயிருந்து ஆர்டருக்குப் போன் வருகிறது, ஆபீசில் இங்கிலீஷ் பேச ஆளில்லை, உன் மகளை அனுப்பு என்று.

"ஒரு தடவ போயிட்டு வா. கெடைச்சா நானே வந்து ஏத்தி விடுறேன். கெடைக்கலைன்னா ஆபீசுல ஒக்காரணும். பெறகு மறுபேச்சு இல்ல."

"ஒரே ஒரு தடவையாப்பா?"

"ஒரு திரியில ஒரு தடவதான் தீ வைக்க முடியும், தாயி."

அந்த ஆபீசை எனக்குத் தெரியும். தகரக் கூரை, பச்சை ரெக்சின் நாற்காலி, சுவரில் ஏழு காலண்டர், ஏழிலும் சாமி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கல்யாணத்துக்குத்தான் எழுந்திருக்க முடியும். எழுந்த பிறகும் திருத்தங்கலிலிருந்து சிவகாசிவரைதான் நடக்க வேண்டியிருக்கும். ஆகாயத்தின் மீது எனக்கு அப்படியொன்றும் காதல் இருந்ததில்லை. அந்தப் பச்சை நாற்காலியின் மீது இருந்த பயம்தான் எனக்கு இறக்கை. இதை எந்தக் கையேடும் நேர்முகத்தில் சொல்லச் சொல்லவில்லை.

தயாராகத் தொடங்கினேன். முதல் நாள் செருப்பை வீட்டுக்குள் போட்டு நடந்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். டக் டக் என்ற சத்தம் அவருக்கு ஆகவில்லை. ஒரு செருப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"குதிகால்ல இரும்பு ஆணி இருக்கு."

"அதுக்கென்னப்பா?"

"கல்லுல ஒரசுனா பொறி வரும்."

"வீட்டுக்குள்ள மருந்தா கொட்டிக் கெடக்கு?"

"பளக்கம் கெட்டுரும்லா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

கொண்டைக்குக் குறைந்தது பதினைந்து ஊசி என்றது கையேடு. காலுக்கு நைலான் உறை. மணிக்கட்டில் உலோகப் பட்டை போட்ட கடிகாரம். ஆலை கேட்டில் அப்பா பிடுங்கி வைப்பதையெல்லாம் விமானக் கம்பெனிக்காரர்கள் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்பா அந்தப் பக்கத்தை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவனுகள்ட்ட லைசென்ஸ் இருக்கா?" என்றார்.

சிரிப்புதான் பெரும்பாடு. எட்டுப் பல் தெரிய வேண்டும், ஈறு தெரியக் கூடாது, கண்ணும் சேர்ந்து சிரிக்க வேண்டும், முப்பது எண்ணும்வரை கலையக் கூடாது. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி அந்த லேபிள்காரிதான். ஆகவே என் சிரிப்பும் தானாகவே வலது பக்கம் போனது. பக்கத்து வீட்டு அத்தை, சொந்தம் இல்லை, ஒரு சுவர்தான் சொந்தம், சீனி கடன் கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏத்தா, வயித்து வலியா?"

"சிரிக்கேன் அத்த."

"அப்பிடியா? யாருகிட்டயும் சொல்லாத, நம்ப மாட்டாக." பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏ மதினி, டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறா, நின்னுக்கிட்டே வாறா. அங்கன போயும் நிக்கிற வேலதானாம்ல? இதுக்கு எதுக்கு பி.ஏ.?"

"சம்பளத்தோட நிப்பா மதினி. நீங்க ரேசன் கடையில சும்மாதான நிக்கீக" என்றாள் அம்மா. சீனியை மட்டும் குறைக்காமல் கொடுத்தாள்.

கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் விமானத்தில் ஏற்றக் கூடாத பொருட்களின் பட்டியல் இருந்தது. கட்டாயம் கேட்பார்கள் என்று தோழி அதில் நட்சத்திரம் போட்டிருந்தாள். அதைப் பஸ்ஸில்தான் மனப்பாடம் செய்தேன். திருத்தங்கலை விட்டுப் பஸ் கிளம்பும்போது அழுத்தி அடைத்த வாயுக்கள். ஆமத்தூர் வருவதற்குள் எரியும் திரவங்களும் அமிலங்களும் முடிந்துவிடும். ஆமத்தூரில் கூட்டம் ஏறும். அந்த நெருக்கத்தில் பாதரசம், நஞ்சு, காந்தம். விருதுநகர் மில்களிலிருந்து எண்ணெய் வாசனை வரும்போது கடைசி வரியில் இருப்பேன்: தீக்குச்சி, கந்தகம், வெடிமருந்து, பட்டாசு. அந்த வரிக்கு மனப்பாடமே தேவையில்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த பெயர்ப் பலகைகளை வாசித்தாலே போதும். எங்கள் ஊரில் செய்வது, விற்பது, வயிற்றைக் கழுவுவது எதுவோ அதையெல்லாம் வரிசையாக எழுதி, இதை மட்டும் மேலே கொண்டுவராதே என்று யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சரி, ஊர் கீழேயே இருக்கட்டும், நான் போகிறேன் என்று எனக்குள் ஒரு திமிர். இருபது வயதில் அந்தத் திமிர் தலைவலிக்கும் பசிக்கும் நல்ல மருந்து.

மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் நேர்முகம் என்று விளம்பரம் வந்தது. ஆடி மாதம், என் படிப்பு முடிந்திருந்த சமயம். அம்மாவுக்கு மாதம் பிடிக்கவில்லை. "ஏரோப்பிளேனுக்கு ஆடி தெரியுமா?" என்று அப்பா அடக்கிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வரும்போது ஒரு காலி அட்டைப் பெட்டியும் ஒரு பை நிறையச் சரக்கும் கொண்டுவந்தாள்.

மற்ற ஊர்க்காரர்கள் யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்குவார்கள், ரொட்டி வாங்குவார்கள். நாங்கள் கிஃப்ட் பாக்ஸ் கொண்டுபோவோம். பிரசவம் பார்த்த டாக்டருக்கு, மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த தலைமையாசிரியருக்கு, கம்பம் நட வந்த மின்வாரியக்காரருக்கு, பெண் பார்க்க வந்த வீட்டுக்கு. என் செய்முறைத் தேர்வுக்கு மேற்பார்வையிட வந்த வெளியூர் ஆசிரியர்கூட ஒரு பெட்டியோடுதான் பஸ் ஏறினார். துக்க வீட்டுக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. அங்கே வெடி தனியாக வந்துவிடும். ஊரை விட்டு எந்தக் காரியத்துக்குப் போனாலும் கையில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நடையே சரியாக வராது.

அம்மா பெட்டி அடுக்குவதைப் பார்க்க வேண்டும். அடியில் கனமானவை: புஸ்வாணம், வெடிக்கட்டு. அதற்கு மேல் தரைச் சக்கரம். ஓரங்களில் கம்பி மத்தாப்பு, சந்துகளில் சாட்டையும் பாம்பு மாத்திரையும். மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி அடுக்குவாள்.

"எத்தன பேரு கேள்வி கேப்பாக?"

"மூணு பேரும்மா."

"அப்ப மூணு பெட்டியா?"

"ஒண்ணு போதும். பெரியவருகிட்ட குடுத்தா பிரிச்சுக்கிடுவாக" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்.

"பொம்பளையாளும் இருப்பாகல்ல? சத்தமில்லாத ஐட்டம் ரெண்டு கூடப் போடு" என்றார் அப்பா.

இதை எழுதும்போது எனக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது. முப்பத்தோராம் பக்கம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தக் கையேட்டை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்து, இரண்டையும் ஒரே ஜவுளிக்கடைப் பையில் போட்டு, கைப்பிடியை முடிந்தவள் நான். கையேட்டில் இருந்தது வெடிபொருள். அது இங்கிலீஷில் இருந்தது. பெட்டியில் இருந்தது மரியாதை. இரண்டும் என் மண்டைக்குள் ஒரே தெருவில் குடியிருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

காலைப் பஸ்ஸில் அப்பா அந்தப் பையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். பஸ்ஸில் வெடி கொண்டுபோகக் கூடாது என்பது கண்டக்டருக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

"மடியில என்னண்ணே?"

"பலகாரம்."

"சிவகாசிப் பலகாரமா? பீடி குடிக்கிற ஆளு பக்கத்துல மட்டும் ஒக்காராதீக." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அப்பா அங்கேயே நின்றுகொண்டார். பையை என்னிடம் தந்து, "கடைசியா குடு. மொதல்லயே குடுத்தா லஞ்சம் மாதிரி ஆயிரும்" என்றார். அப்போதெல்லாம் ஓட்டல் வாசலில் பையைத் திறந்து பார்க்கும் வழக்கம் வரவில்லை. காவலாளி எனக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சல்யூட் வைத்தார். வாழ்நாளில் எனக்கு விழுந்த முதல் சல்யூட். பாதி என் கொண்டைக்கு, பாதி உள்ளே இருந்த புஸ்வாணத்துக்கு.

மண்டபம் நிறையப் பெண்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. உயரம் பார்க்கும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையைத் தூக்கிச் சுவரில் ஒட்டியிருந்த நாடாவைத் தொடச் சொன்னார்கள், தொட்டேன். பிறகு அப்படியே வெறுங்காலோடு நடந்து காட்டச் சொன்னார்கள். பஞ்சு வைத்துப் பழகிய அத்தனை மாதமும் ஓரமாகக் கிடக்க, நான் பிறந்ததிலிருந்து நடந்த நடையை நடந்தேன். நன்றாக நடக்கிறாய் என்றாள் குறிப்பெழுதிய பெண். காலை உரசாமல், அவசரப்படாமல், கையை வீசாமல். ஆலைக்குள் அப்படித்தான் நடக்க வேண்டும். அம்மாவைப் பார்த்து வந்த நடை.

பிற்பகலில் பதினோரு பேர் மிஞ்சினோம். அதில் நான் ஒருத்தி. எதிரே டீக்கடையில் அப்பா எத்தனாவது டீயில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண், பல வருடம் பறந்தவள். அவள் சிரிப்பு வாயில் சரியாகப் பொருந்தியிருந்தது, அச்சு பிசகாமல். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட இளைஞர். இன்னொரு பக்கம் கோட்டு போட்ட பெரியவர். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். எந்த ஊர் என்றார்கள். சிவகாசிப் பக்கம் என்றேன். பேனா மூடி நின்றது. கோட்டுக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

நடுவில் இருந்தவள் கேட்டாள்: "விமானத்தில் பயணிகள் கொண்டுவரக் கூடாத பொருட்களைச் சொல்லுங்கள்."

உள்ளுக்குள் பஸ் கிளம்பியது. வாயுக்கள், திரவங்கள், ஆமத்தூர், அமிலம், பாதரசம், காந்தம். அவள் தலையசைத்துக்கொண்டே வந்தாள். விருதுநகர் எண்ணெய் வாசனை வந்தது. தீக்குச்சி என்றேன். கந்தகம் என்றேன். வெடிமருந்து என்று சொல்லிக் காலைச் சற்று உள்ளே இழுத்தேன். குதிகால் ஜவுளிக்கடைப் பையில் இடித்தது.

அப்போதுதான். அதுவரை இல்லை.

அடுத்த சொல் வரவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவளே உதவிக்கு வந்தாள். "சிவகாசிப் பெண் இதையா மறப்பது?"

"பட்டாசு" என்றேன்.

"சரி. ஒரு பயணியின் இருக்கைக்கு அடியில் உள்ள பையில் பட்டாசு இருப்பது உங்களுக்குத் தெரியவருகிறது. என்ன செய்வீர்கள்?"

"பையைத் தொட மாட்டேன். பதற்றம் காட்ட மாட்டேன். கேப்டனுக்குத் தெரிவிப்பேன். மற்றவர்களை நகர்த்துவேன்." கையேட்டில் இருந்தபடியே. மூவரும் குறித்துக்கொண்டார்கள். இளைஞர் நன்றி சொல்லப்போகும் முகத்தோடு காகிதத்தைப் புரட்டினார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு வந்திருந்தால், முடிந்தது.

அந்த இடத்தில் நான் உண்மை பேசினேன் என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரிப் பெண்களுக்கு முன்னால் ஒரு மேடையில்கூட. கைதட்டினார்கள். நடந்தது அதுவல்ல. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் டீக்கடையில் நிற்கும் மனிதருக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். கொடுத்த பெட்டியை வாங்க மறுத்தார்கள் என்றால் எங்கள் ஊரில் அது சாதாரண அவமானம் இல்லை.

"மேடம்," என்றேன், "அந்தப் பயணி நான்தான்."

எடுத்து மேசையில் வைத்தேன். பையின் முடிச்சு அவிழ்ந்து லேபிள் தெரிந்தது. அதில் மயில்.

இளைஞர், "இது விளையாட்டா?" என்றார். நடுவில் இருந்தவளின் நாற்காலி கம்பளத்தில் சத்தமில்லாமல் பின்னால் போனது. முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாமே வெளியேறின. சிரிப்பு மட்டும் கடைசிவரை நின்று, கடைசியாகத்தான் இறங்கியது. கையேட்டில் சொன்ன ஒழுங்கு. நான் வியந்தேன்.

கோட்டுக்காரர் குனிந்து பார்த்தார். அன்று அந்த அறையில் விழுந்த முதல் தமிழ் அவருடையது.

"ஏம்மா, இதுல என்னென்ன இருக்கு?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எது தரையில் சுழலும், எது ஆளுயரம் எழும்பும், எதைக் குழந்தை கையில் தரலாம், எதை முற்றத்தில் வைத்துப் பத்தடி விலகி நிற்க வேண்டும், அடுக்கினவர் யார், ஆட்டினால் ஏன் சத்தம் வராது. அன்று காலையிலிருந்து நான் பேசிய ஆங்கிலத்திலேயே நல்ல ஆங்கிலம் அது. நிறுத்தாமல், தேடாமல் பேசினேன். சிரிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அவர் திரும்பச் சிரித்தாரே.

காவலாளியை அழைத்தார்கள். காலையில் சல்யூட் வைத்தவர்தான். இப்போது இரண்டு கையையும் முடிந்தமட்டும் நீட்டிப் பெட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

"அண்ணே, அது ஒண்ணும் செய்யாது. வெயில்ல மட்டும் வைக்காதீக" என்றேன்.

இளைஞர் என் விண்ணப்பத்தை மூடினார். தேர்வானால் இரண்டு வாரத்துக்குள் போன் வரும் என்றார். கோட்டுக்காரர் அதை மறுபடி திறந்து, "இந்த நம்பர் வீட்டுதா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. "பட்டாசு கம்பெனி ஆபீஸ் நம்பர், சார்." அவர் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பை நம்பி நான் நிறைய நாள் வாழ்ந்தேன்.

நான் வெளியே வருவதைப் பார்த்து அப்பா பாதி ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்பா."

"வாங்கிக்கிட்டாகளா?"

"வாங்கிக்கிட்டாக."

"அப்ப கெடைச்சிரும்" என்றார். என் காலி கையைப் பார்த்த நிம்மதியில் பஸ்ஸில் தூங்கிவிட்டார்.

போன் ஆபீசில் இருந்ததால் நானும் ஆபீசில் இருக்க வேண்டியதாயிற்று. போன் வரும்வரைக்கும் என்று சொல்லித்தான் அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிலிருந்து தப்பிக்கும் செய்தி அதில் உட்கார்ந்தால்தான் வரும். சீசன் சூடுபிடித்திருந்தது. மணி அடிக்கும் முன்பே ரிசீவரைத் தூக்குவேன்; இந்தூரிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ யாரோ சேட்டு நூறு கேஸ் சக்கரம் கேட்பார்.

"ஏத்தா, ரிங்கு ஒண்ணாவது முழுசா அடிக்கட்டும். போனு பயந்துரப் போகுது" என்பார் மானேஜர்.

இரண்டு வாரம் நான்கானது. ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசி. சேட்டுகளோடு பேசிப் பேசி என் ஆங்கிலம் நன்றாகத் தேறிவந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "இன்னும் பெட்ரோல் போடலையாக்கும்?" என்று கேட்டாள். அப்பா மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் படிவரை வந்து காலண்டரைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் முற்பகலில் வந்தது. விமானக் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்றது ஒரு பெண் குரல், லைனில் இருங்கள், சார் பேசுவார். நான் எழுந்து நின்றுவிட்டேன். மானேஜர் என் முகத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவை அழைத்து வரக் கிளம்பினார். ஆலைக்குள் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் வெடித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் மானேஜரும், பிறகு அப்பாவும், தகவல் எப்படியோ எட்டி அம்மாவும், ஓட்டத்தையெல்லாம் முழங்காலுக்குள் அடக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். படிக்குக் கீழே அப்பா நின்றார். கையெல்லாம் அலுமினியத் தூள், முழங்கைவரை வெள்ளி.

"யாரு, அந்த கிஃப்ட் பாக்ஸ் பொண்ணா?" கோட்டுக்காரர்.

"ஆமா சார்."

"இன்னும் அங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு." சிரித்தார். "அன்னிக்கு அந்தப் பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்மா. பசங்க விட மாட்டேங்கிறாங்க. ஆபீஸ்லயும் எல்லாரும் கேக்குறாங்க. ஃபேக்டரி ரேட்டுல ஒரு முப்பது பெட்டி அனுப்ப முடியுமா, தீபாவளிக்கு?"

போனில் பேசும்போதும் சிரிக்க வேண்டும், சிரிப்பு குரலில் கேட்கும் என்று கையேடு இருபத்திரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தது. எட்டுப் பல். ஈறு தெரியாமல்.

"கண்டிப்பா சார். அட்ரஸ் சொல்லுங்க." எழுதிக்கொண்டேன். கடைசியில் கேட்டும்விட்டேன். "சார், இன்டர்வியூ ரிசல்ட்..."

"அதுவா... அந்த லிஸ்ட் அப்பவே போட்டாச்சேம்மா. அடுத்த தடவை பாக்கலாம், என்ன? ஆங், லாரியில அனுப்பு. வேற எதுலயும் ஏத்திடாத." மறுபடி சிரிப்பு. அவர் கெட்டவர் இல்லை. ஆர்டர் கொடுத்தவர்களில் தயவுசெய்து என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

ரிசீவரை வைத்தேன்.

"என்ன தாயி?"

"முப்பது பெட்டி கேக்காகப்பா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கேக்காகன்னா மறக்கலைன்னுதான அர்த்தம்" என்றார். அம்மா திரும்பினாள். நாலடி போய் நின்று, "முப்பதையும் நானே அடுக்குறேன்" என்றாள்.

லோடு ஏற்றும் நாளில் ஆர்டர் தாளை வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினேன். முப்பத்தொன்று வந்தது. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

"ஒண்ணு கூட இருக்கேப்பா?"

"சாம்பிளு" என்றார் அப்பா, லாரியின் கயிற்றை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

ஒரு பெட்டியில் மட்டும் டேப் ஒட்டவில்லை. மூடியைத் தூக்கினேன். கம்பி மத்தாப்புகளுக்கு மேலே, நான்காக மடித்து, என் பயோடேட்டா. ஜெராக்ஸ். அதன் மூலையில் ஸ்டூடியோவில் எடுத்த என் புகைப்படம், சோற்றுப் பருக்கையால் ஒட்டியது. சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு நெல்மணி அளவு வலது பக்கம்.

"ஏத்தா, லாரி கெளம்பப் போகுது, அங்கன என்ன பண்ற?" என்று மானேஜர் சத்தம் போட்டார்.

அதை எடுத்துவிடலாம் என்றுதான் கையை உள்ளே விட்டேன். ஓரத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்த மடிப்பை அமுக்கி விட்டேன். மூடியைப் போட்டேன். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினேன்.